என் ரத்தத்தில் பிழை இல்லை

ஏப்ரல் 3, வியாழன்

லாட் 41, ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்களின் புதுத் தொகுதி, இன்று பாட்டிலில் அடைபட்டது. அடுத்த மாதம் பல்லடம் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தப்போகும் சர்க்கரை நோய் முகாமுக்கு இந்த ஸ்டிரிப்கள்தான் போகின்றன. முகாம் நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய எல்லா ஊர் முகாம்களுக்கும் நாமே கொடுக்கலாம் என்று எம்.டி. கனவு கண்டுகொண்டிருக்கிறார். எம்.டி. என்றால் அரங்கநாதன். என்னைவிட வயதில் இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஸ்டிரிப் செய்வது அவர் பொறுப்பு, அது உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் கி. தெய்வசிகாமணி கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில்கூட மலுமிச்சம்பட்டித் தொழிற்சாலையைத் தாண்டாது.

இந்த வருடம் தணிக்கைக்கு வந்தவர்கள் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டுப் போனார்கள். கன்ட்ரோல் திரவத்தில் சோதிப்பதோடு, ஆரோக்கியமான ஒருவருடைய புது ரத்தத்திலும் ஒவ்வொரு லாட்டையும் சோதிக்க வேண்டும். ஆரோக்கியமான ஆள் யார் என்று கெமிஸ்ட் ரிஸ்வானா கேட்டாள். நான் விரலை நீட்டினேன்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. வெள்ளைச் சர்க்கரையை எங்கள் வீட்டுக்குள் விட்டுப் பல வருடம் ஆகிறது. காலையில் நெல்லிக்காய்ச் சாற்றில் தேன். காபிக்குக் கருப்பட்டி. பதினோரு மணிக்கு இரண்டு செவ்வாழை. மாலையில் பேரீச்சம்பழம். கடைசியாகப் பார்த்தபோது என் சர்க்கரை 94. அது ஆறு வருடத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

லாட் 41 என் ரத்தத்தில் 238 காட்டியது.

ரிஸ்வானா மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் மீட்டரைப் பார்த்தாள். இன்னொரு ஸ்டிரிப் எடுக்கச் சொன்னேன். 241. லாட்டில் கோளாறு. 'நிறுத்தி வைக்கவும்' என்ற சிவப்பு அட்டையை என் கையாலேயே கட்டினேன்.

வரும் வழியில் எறும்பு மருந்து வாங்கினேன். எங்கள் கழிப்பறையில் ஒரு வாரமாக எறும்பு. கீழ்வீட்டில் இல்லையாம், எங்கள் வீட்டில் மட்டும்தானாம். என் மனைவி வசந்தாமணி இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

கன்ட்ரோல் திரவத்தில் லாட் 41 தேறிவிட்டது. அந்தத் திரவத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். ஸ்டிரிப் அதைத்தான் சொல்ல வேண்டும், சொன்னது. ஆனால் என் ரத்தத்தில் மட்டும் 244.

ஸ்டிரிப்பில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் பட்டையில் கார்பன் மையால் கோடு அச்சடிக்கிறோம். அதன் நுனியில் என்சைம் பூசிக் காயவைக்கிறோம். ரத்தத்துளி உள்ளே ஏறியதும் என்சைம் சர்க்கரையோடு சேர்ந்து வேலை செய்கிறது, அதிலிருந்து துளி மின்சாரம் கிளம்புகிறது, மீட்டர் அதை அளந்து எண்ணாக்குகிறது. சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு மின்சாரம். இதற்கு நடுவில் பொய் நுழைய ஒரே வழி ஈரம். அதற்காகத்தான் உலர் அறை என்று ஒன்று வைத்திருக்கிறோம். காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட அறை அது. அதில் அரை மணி நேரம் நின்றால் நாக்கு வறண்டுவிடும். இப்போதெல்லாம் எனக்கு எந்நேரமும் தாகம். உலர் அறை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மற்றவர்கள் விரலிலும் குத்திப் பார்த்தோம். ரிஸ்வானா 91. அச்சுப் பிரிவு சகாயமேரி 103. வாட்ச்மேன் காளியண்ணன் 98. நான் 236.

நாலு பேரில் மூன்று பேருக்குச் சரியாகக் காட்டுகிறதே சார் என்று ரிஸ்வானா மெல்ல ஆரம்பித்தாள். அவள் நல்ல கெமிஸ்ட், ஆனால் அனுபவம் போதாது. அந்த மூன்று பேருக்கும் சரியாகத்தான் காட்டுகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? காளியண்ணனுடைய உண்மையான சர்க்கரை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கட்டடத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்த ரத்தம் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. தெரிந்த ஒன்றில் தப்பாகக் காட்டுகிற ஸ்டிரிப்பைத் தெரியாத மூன்றில் நம்புவது விஞ்ஞானம் ஆகாது. இப்படி அவளுக்கு விளக்கினேன். அவள் சரிங்க சார் என்றாள்.

எறும்பு மருந்து பலிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கண்ணாடி மாற்றினேன். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. போன மாதம்தான் மாற்றினோமே என்று கடைக்காரர் கேட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை, என்ன செய்வது.

பேன்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். நடைப்பயிற்சியின் பலன். காளியண்ணன்கூட என்னங்க சார் இப்படி இளைச்சுட்டீங்க என்று கேட்டார். ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தேன்: நெல்லிக்காயும் தேனும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பிடித்துவிட்டேன். நெல்லிக்காய்!

வைட்டமின் சி அதிகமானால் சில ஸ்டிரிப்கள் அதையும் சர்க்கரை என்று எண்ணிக் கூட்டிவிடும். இது புத்தகத்தில் உள்ளது. நேற்றும் இன்றும் நெல்லிக்காய்ச் சாற்றை, அதில் கலக்கும் தேனோடு சேர்த்து, நிறுத்தினேன். 209க்கு இறங்கிவிட்டது. என் ரத்தத்தில் வைட்டமின் சி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, நம் என்சைம் ஏமாறுகிறது. ரிஸ்வானாவைக் கூப்பிட்டு இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதலாம் என்றேன். சார், தேனையும்தானே நிறுத்தினீங்க என்றாள். தேனில் வைட்டமின் சி மிகக் குறைவு என்று சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கனி பார்த்தோம். வசந்தாமணி இந்த வருடம் பாயசம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். பால் திரிந்துவிட்டதாம். கீழ்வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியதை மூடி வைத்திருந்தாள். கண்டுபிடித்துக் குடித்தேன். நாட்டுச்சர்க்கரைப் பாயசம்தான், குற்றமில்லை. பிறகு மூன்று பங்கனப்பள்ளி மாம்பழம்.

கழிப்பறை எறும்புக்கு மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தேன். அவை மஞ்சள்தூளைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. எதற்கு வருகின்றன என்று யோசிச்சீங்களா என்று வசந்தாமணி கேட்டாள். தண்ணீருக்கு, வெயில் காலம் அல்லவா.

ஏப்ரல் 16, புதன்

275. நெல்லிக்காய் இல்லாமலே.

கட்டுரைக்கு எழுதிய முன்னுரையைக் கிழித்துப் போட்டேன்.

ஒரு யோசனை வந்தது. கிடங்கிலிருந்து பழைய லாட் ஒன்றை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். போன வருடம் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாட். 271. அதற்கு முந்தினது 273.

அப்படியென்றால் கோளாறு லாட் 41இல் ஆரம்பிக்கவில்லை. குறைந்தது ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு முழுக்க ஆரோக்கியமான மனிதர்களுக்கு நாம் சர்க்கரை நோய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் இனிப்பை விட்டு ஏங்குகிறார்களோ.

கடைகளில் இருக்கும் எல்லா பாட்டிலையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று எம்.டி.யிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார். "அண்ணா, அப்படிப் பண்ணுனா அடுத்த நாள் கம்பெனிக்குப் பூட்டுதானுங்க," என்றார். கம்பெனி பெரிதா, மனசாட்சி பெரிதா என்றேன். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கும்பிட்டார்.

ஏப்ரல் 17, வியாழன்

மருந்துக் கடையில் போட்டிக் கம்பெனி மீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். 269.

அவர்களும் நம்மிடம் வரும் அதே சப்ளையரிடம்தான் என்சைம் வாங்குகிறார்கள் போலிருக்கிறது. கோளாறு நாம் நினைத்ததைவிடப் பரவலானது.

ஏப்ரல் 19, சனி

இன்று ஒரு கசப்பான காரியம் செய்ய வேண்டியிருந்தது.

என்சைம் கலக்குவதும் பூசுவதும் குணசீலன் வேலை. பொறுமையானவன், கை சுத்தம். ஆனால் யோசித்துப் பார்த்தால், கன்ட்ரோல் திரவத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வருவதும் அவனேதான். கலப்பவனே சோதனைக்கும் கை கொடுத்தால் திரவத்தில் மட்டும் எல்லாம் சரியாக வருவதில் என்ன ஆச்சரியம்? விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தான். மகளுக்கு இருபத்தேழாம் தேதி காதுகுத்து, குலதெய்வம் கோயிலில். கட்டாயம் வரோணுங்க சார் என்று கொடுத்துவிட்டுப் போனான்.

சகாயமேரி மதியத்திலிருந்து என்னோடு பேசவில்லை. ரிஸ்வானா பேசினாள். சார், ஒரு தடவை வெளி லேப்ல உங்க ரத்தத்தைக் குடுத்துப் பாத்தா என்னங்க என்றாள். சந்தேகம் ஸ்டிரிப் மேலே, என் மேலே இல்லை என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இரவில் தண்ணீர் குடிக்கவும் போகவும் எழுந்து எழுந்து தூக்கமில்லை. மனசாட்சி உள்ளவனுக்கு இப்படித்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

எம்.டி. ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஐந்து பேர் ரத்தத்தை நகரத்தில் ஒரு பெரிய லேபில் எடுப்பது, அவர்களுடைய பெரிய மிஷினிலும் நம் ஸ்டிரிப்பிலும் ஒரே நேரத்தில் பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போனால் லாட் 41 முகாமுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் நான் சொன்னபடி எல்லாவற்றையும் திரும்ப வரவழைப்பது. நியாயமான முடிவு.

ஒரு நிபந்தனை போட்டேன். எந்தக் குழாய் யாருடையது என்று சோதிப்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. குழாய்க்கு ஒரு நிற ஸ்டிக்கர். எது யாருடையது என்ற விவரம் எம்.டி. ஒருவரிடம் மட்டும். குணசீலனையும் வரச் சொன்னேன், அவனுக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டுமல்லவா. அவன், நான், ரிஸ்வானா, சகாயமேரி, காளியண்ணன்.

ஏப்ரல் 24, வியாழன்

வெறும் வயிற்றோடு எல்லோரும் லேபுக்குப் போனோம். நர்ஸ் ஊசி குத்தும்போதும் ஸ்டிக்கர் ஒட்டும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். என் முறை வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரத்தில் இரண்டு அணில்கள். விதி என்றால் விதி.

ஏப்ரல் 25, வெள்ளி

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான முடிவுத் தாளை நான் பார்த்ததில்லை.

பச்சை: லேபில் 90, நம் ஸ்டிரிப்பில் 93. மஞ்சள்: 101, 99. வெள்ளை: 97, 102. ரோஸ்: 88, 86. நீலம்: 263, 257. ஐந்திலும் ஒத்துப்போகிறது. லாட் 41இல் பிழையே இல்லை. பழைய லாட்களிலும் இல்லை. தமிழ்நாட்டில் யாருக்கும் நாம் பொய் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ரிஸ்வானாவின் கையைக் குலுக்கினேன். அவள் சிரிக்கவில்லை. சிவப்பு அட்டையை நானே அறுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் நீலம் கண்ணில் பட்டது. வெறும் வயிற்றில் 263!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்மோடு வேலை செய்கிற ஒரு மனிதர் இவ்வளவு சர்க்கரையோடு நடமாடிக்கொண்டிருக்கிறார், அது அவருக்கே தெரியாது. அவரிடம் யாராவது சொன்னீர்களா என்று ரிஸ்வானாவைக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாம் செய்வது ஸ்டிரிப் வியாபாரமா, மனிதர்களைக் காப்பாற்றும் வேலையா, கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா என்று ஒரு பாட்டம் பேசிவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"எம்.டி. சார் திங்கக்கிழமை வந்து உங்ககிட்டப் பேசறேன்னு சொல்லியிருக்காருங்க சார்," என்றாள்.

எம்.டி.க்குப் போன் செய்தேன். நீலம் யார் என்று கேட்டேன். சென்னையில் மீட்டிங்கில் இருக்கிறேன் அண்ணா, சத்தம் கேட்கவில்லை என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

திங்கள் வரை ஓர் உயிரைக் காக்கவைப்பதா? என் கணக்குப்படி நீலம் குணசீலன்தான். பாவம், அவன் எப்போதும் கொஞ்சம் வாடித்தான் இருப்பான். அவனை நான் சந்தேகப்பட்டு வீட்டுக்கு வேறு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குப் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாராபுரம் தாண்டிக் கோயில். வேம்பு நிழலில் சாமியானா. நான் போனபோது குழந்தை காதில் தோடோடு அழுது ஓய்ந்து, தாய்மாமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. குணசீலனைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நேராகப் பந்தியில் உட்கார வைத்துவிட்டான். அவனையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

இலையில் முதலில் ஜிலேபி வந்தது. அவன் கை வைக்கப் போனான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குணசீலா, பதறாமக் கேளு," என்றேன். "உனக்குச் சர்க்கரை இருக்குது. இருநூத்து அறுபத்து மூணு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னையிலிருந்து இதையெல்லாம் தொடக் கூடாது."

அவன் என்னையே பார்த்தான். அதிர்ச்சி என்று நினைத்தேன். அதனால் நோயைப் பற்றி விரிவாகவே எடுத்துச் சொன்னேன். தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், உடம்பு இளைக்கும், கண் மங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இதெல்லாம் உனக்கு இருந்திருக்குமே, கவனிக்காமல் விட்டிருப்பாய் என்றேன். பேசப் பேசத் தொண்டை வறண்டது. தண்ணீர் இரண்டு டம்ளர், கொண்டுவந்து வைத்த பாயசம் ஒரு டம்ளர் குடித்தேன். பாயசம் நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

"சார்," என்றான் அவன், யாருக்கும் கேட்காதபடி. "என்னோடது பச்சைங்க."

எப்படித் தெரியும் என்றேன். நர்ஸ் ஒட்டும்போது பார்த்தானாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லியிருந்தேனே என்றேன். எல்லாரும்தானுங்க பார்த்தோம் என்றான். சரி, அப்படியானால் சகாயமேரியா? சகாயமேரி அக்கா மஞ்சள். காளியண்ணன்? வெள்ளை. அப்போது ரிஸ்வானாவா, அந்தச் சின்ன வயதிலா என்று கேட்டேன். ரிஸ்வானா மேடம் ரோஸுங்க என்றான்.

பிறகு என் இலையோரம் இருந்த பாயச டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஐந்து பேர், ஐந்து நிறம், கூட்டல் கழித்தல் ஒன்றும் பெரிய கணக்கில்லை. இருந்தாலும் எனக்கு வெகு நேரம் பிடித்தது.

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் வசந்தாமணியிடம் சொல்லிவிட்டேன். அவள் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை. டாக்டரிடம் போன வாரமே நேரம் வாங்கி வைத்திருக்கிறாளாம், இன்று பதினோரு மணிக்கு.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். எறும்பு வந்த அன்றைக்கே என்றாள். அப்படியானால் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்றேன்.

"ஏனுங்க, மிஷினு சொல்லியே கேக்காத மனுசன், நான் சொன்னாக் கேப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். முருங்கைக்காய் நாரை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

டாக்டர் சின்னப் பெண். எவ்வளவு நாளாகத் தாகம் என்று கேட்டாள். உலர் அறை என்று வாயெடுத்தேன், வசந்தாமணி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையும் எடுத்தார்கள். கருப்பட்டி, தேன், செவ்வாழை, பேரீச்சை என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். முடிவில் பேனாவை மூடிவிட்டு, உங்களுக்குச் சர்க்கரை பிடிக்கும்னு சொல்லியிருந்தாப் போதுமே சார் என்றாள். வசந்தாமணி இத்தனை வருடத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நர்ஸ் என் விரலைக் குத்திவிட்டு, இந்த ஸ்டிரிப் நம்ம கோயமுத்தூர்லயே பண்றதுங்க, தைரியமா நம்பலாம் என்றாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

மாத்திரை இரண்டு வேளை. பயம் இருக்கிறது. அப்பா இதே வயதில் கால் விரலில் ஒரு புண்ணோடு படுத்தவர், பிறகு எழுந்து நடக்கவில்லை. இதை நான் யாரிடமும் பேசுவதில்லை.

ஏப்ரல் 30, புதன்

குணசீலனை வரவழைத்து, எல்லோர் முன்னாலும், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். இதற்காக வீட்டில் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "பரவால்லீங்க சார்," என்றான். "காதுகுத்துக்கு எட்டு நாள் லீவு கேக்கறதுக்குப் பயந்துட்டு இருந்தேன். தானாக் கெடைச்சுது." அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று எம்.டி. அங்கேயே சொல்லிவிட்டார்.

எம்.டி. என் அறைக்கு வந்து, மன்னிச்சுக்கோங்க அண்ணா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல என்றார். விமானத்தில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாராம். ரிஸ்வானாவிடம் வெள்ளிக்கிழமை பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். இரக்கம் வேணும்னு நீங்க சொன்னது சரிதானுங்க சார், அதனாலதான் சொல்ல முடியல என்றாள்.

லாட் 41க்குக் கையெழுத்துப் போட்டேன். இனிமேல் புது ரத்தத்துக்கு சகாயமேரி விரல்.

மே 4, ஞாயிறு

வெறும் வயிற்றில் 171. காபியில் ஒன்றும் போடாமல் குடித்துப் பழகுகிறேன். காபிக்கு இப்படி ஒரு ருசி இருப்பது தெரியாது. நல்ல ருசி இல்லை.

மே 11, ஞாயிறு

பல்லடம் முகாம். நான் போக வேண்டிய அவசியம் இல்லை, போனேன். பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஒரு மேசைக்கு ரிஸ்வானா, ஒரு மேசைக்கு நான். ஆளுக்கு ஒரு ஸ்டிரிப்தான் என்று அறக்கட்டளைக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், வெளியே வரிசை ரோடு வரை நின்றது.

மதியம் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல உடம்பு, வெள்ளைச் சட்டை, முறுக்கு மீசை. 312 காட்டியது. அவர் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு முந்தி உக்காந்தவனோட சர்க்கரை இதுல ஒட்டீட்டு இருக்குதுங்க," என்றார். "தொடச்சுட்டு மறுக்காப் பாருங்க."

ஸ்டிரிப் ஒவ்வொருவருக்கும் புதிது, மீட்டரில் ரத்தம் படவே படாது என்று விளக்கியிருக்கலாம். எனக்கு அந்த விளக்கம் மனப்பாடம். ஆனால் நான் துணி எடுத்து மீட்டரை நன்றாகத் துடைத்தேன். பாட்டிலைத் திறந்து இன்னொரு ஸ்டிரிப் எடுத்துச் செருகினேன். 309.

அந்தக் கையில்தான் காலையில் லட்டு சாப்பிட்டாராம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மற்றக் கையை நீட்டினார். பின்னால் வரிசையில் முணுமுணுப்புக் கேட்டது. மூன்றாவது ஸ்டிரிப்பை எடுத்தேன். 315.

அவர் மீசையைத் தடவினார். தண்ணீர் கொடுத்தேன், முழுசாகக் குடித்தார், இன்னும் கேட்டார், கொடுத்தேன்.

"இது யாரு பண்ற ஸ்டிரிப்புங்க?" என்றார்.

"நாங்கதானுங்க."

"சரியாக் காட்டுமுங்களா?"

"எனக்குச் சரியாக் காட்டுச்சுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டாக்டர் உட்கார்ந்திருக்கிற அறை எது என்று கேட்டார். எழுந்து கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஸ்டிரிப் கணக்கை ஒப்படைக்கும்போது உங்க மேசையில் இரண்டு கூடுதலாகப் போயிருக்கே சார் என்று ரிஸ்வானா கேட்டாள். தரச் சோதனைக்குப் போனது என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.